இனிகோ கடைக்கு எதிரே நின்ற ஆட்டோ

திண்டுக்கல்லில் ஜவுளிக்கடைக்காரர்கள் ஆடித் தள்ளுபடி போட்டாலும், மேட்டுப்பட்டியில் யாராவது இறந்து அடக்கம் நடந்தாலும், திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போனாலும், ஊருக்குச் சொல்கிற வேலை ஸ்டீபன்ராஜிடம்தான் வரும். ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, கையில் மைக். "அன்பார்ந்த பொதுமக்களே" என்று அவர் இழுத்துத் தொடங்கினால், குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். சாவுச் செய்தி என்றால் குரல் தானாகக் கனத்துவிடும். தள்ளுபடி என்றால் அதில் ஒரு துள்ளல் ஏறிக்கொள்ளும். மாதா கோயில் பங்குத் திருவிழாவில் சப்பரம் கிளம்பும்போது அவர்தான் பேச வேண்டும் என்று கேட்டு வாங்குவார்கள். படிப்பு எட்டாவதோடு நின்றுபோனவர். அவருக்கு இருந்ததெல்லாம் அந்தக் குரல்தான்.

அவர் மனைவி பிரிஸ்கில்லா தனியார் பள்ளி ஒன்றில் ஆயா வேலை பார்த்தாள். அவளுடைய தம்பி இனிகோ, பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் கடை வைத்திருந்தான். அந்தக் கடையைத் திறந்த அன்று ஸ்டீபன்ராஜ்தான் ஊர் முழுக்க ஆட்டோவில் சுற்றி, மச்சினனிடம் டீசல் காசுகூட வாங்காமல் அறிவிப்புச் செய்தார். கண்ணாடிப் பாட்டில்களில் முறுக்கும் கடலை மிட்டாயும், குளிர்பதனப் பெட்டியில் சோடாவும் வெளியே தெரியும். கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் பிஸ்கட் கிடையாது. அரசாங்கம் தடை செய்த புகையிலைப் பாக்கெட்டுகளை அதற்குள் அடுக்கி வைத்திருந்தான். தெரிந்தவர்கள் வந்து கட்டைவிரலால் கன்னத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், பாக்கெட் உள்ளங்கைக்குள் மாறிவிடும்.

"வெயில்ல இம்புட்டு நேரம் கத்துறீங்களே மச்சான், தொண்டை காயாதா? இதைக் கன்னத்துல அடக்கிக்கங்க. பசியும் தெரியாது" என்று சொல்லி முதல் பாக்கெட்டைக் கொடுத்தவன் இனிகோ. அதன்பிறகு ஸ்டீபன்ராஜ் அந்தச் சந்துக்குள் போகாத நாள் இல்லை. மைக்கைப் பிடிப்பதற்கு முன் ஒரு சிட்டிகை, வைத்த பின் ஒரு சிட்டிகை. இடது பக்கம், நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே, அதற்கென்று ஒரு இடமே பழகிப்போனது.

அந்த இடத்தில்தான், நாக்கின் ஓரத்தில், தேங்காய்ப் பத்தை ஒட்டிக்கொண்டது மாதிரி ஒரு வெள்ளைத் தழும்பு முதலில் வந்தது. வலிக்கவில்லை. சில மாதங்களில் அதன் நடுவே புண் வெடித்தது. ரசம் பட்டால்கூட எரிந்தது. மதியச் சோற்றைத் தொடாமல் எழுந்த அவரைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க" என்றாள் பிரிஸ்கில்லா. அவர் இனிகோவிடம் போனார். இனிகோ செல்போன் வெளிச்சத்தில் அவருடைய வாயை நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சூட்டுப் புண்ணு மச்சான். மணத்தக்காளிக் கீரையை நாலு வேளை தின்னுங்க, சரியாப் போயிரும். டாக்டர்கிட்ட போனீங்கன்னா அறுக்கணும், சோதிக்கணும்னு ஆளைக் கொன்னுருவாய்ங்க. போகாதீங்க."

சொன்னதோடு நிற்காமல், தடவிக்கொள்ள ஒரு களிம்பையும், கூடவே ஒரு பாக்கெட்டையும் கையில் வைத்தான்.

கோடை போனது. ஐப்பசி மழையும் போனது. இடது காதுக்குள் ஊசி குத்துவதுபோல் வலி வந்தபோதுதான் ஸ்டீபன்ராஜ் காது டாக்டரிடம் போனார். டாக்டர் காதைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அது நேராக வராமல் ஒருக்களித்து வந்தது. கழுத்தைத் தடவினார். தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி கையில் உருண்டது. "இந்தப் புண்ணு வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார். ஸ்டீபன்ராஜ் கணக்குச் சொன்னதும் டாக்டர் எதிரே இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"ரெண்டு மூணு வாரத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் காட்டணும்யா. தழும்பா இருந்தப்பவே வந்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும்."

மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாக்கில் பாதி போனது. கழுத்தில் காதிலிருந்து தொண்டைக்குழி வரை வெட்டி, கட்டிகளை எடுத்தார்கள். முன்கையிலிருந்து சதையைத் தோலோடு எடுத்து வாய்க்குள் ஒட்டுப் போட்டார்கள். பிறகு கதிர்வீச்சு. வாய் முழுவதும் வெந்து, எச்சில் ஊறுவது நின்றுபோனது. மூக்கு வழியே குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். இனிகோவும் நல்ல மச்சினனாக, பழப்பையோடு அடிக்கடி வந்துபோனான்.

அப்படி வந்த ஒரு மதியம், வார்டு வாசலில் நின்று யாரோ ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தான். பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு வந்தவன். ஸ்டீபன்ராஜின் கட்டில் கதவை ஒட்டிக் கிடந்தது. அவர் தூங்குவதாக இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

"அண்ணே, பாக்கெட் எதுவும் இருக்கா?" என்றான் அவன்.

இனிகோ சட்டைப்பையைத் துழாவிக் கொடுத்தான்.

"நீங்க போடலையா?"

"நானா? தொட்டதே இல்லப்பா. கடைக்கு வாரவய்ங்க எத்தனை பேருக்கு வாய் போயிருக்குன்னு கண்ணால பாத்தவன் நான். இவருக்கு வெள்ளையா வந்தப்பவே எனக்குத் தெரியும், இது அதுதான்னு. நல்ல வியாவாரம் ஓடுற நேரத்துல சொந்த மச்சானுக்கே இப்படின்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் எவன் கடைக்கு வருவான்?"

ஸ்டீபன்ராஜ் கண்ணைத் திறக்கவில்லை. குழாய் செருகிய மூக்கு வழியே மூச்சு சீறியது. புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது அவர் அழுதார். நாக்கைக் கண்ணாடியில் பார்த்தபோது அழுதார். அன்று அழவில்லை. அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் பிழைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. எதற்காக என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் நர்சு சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை வெறியோடு செய்தார். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லிடுக்கில் அடுக்கித் தாடையை நெம்பித் திறந்தார். வலியில் கண்ணீர் வழிய வழியத் திறந்தார். ஒவ்வொரு குச்சி கூடும்போதும் இனிகோவின் முகத்தை நினைத்துக்கொண்டார். அரைத்த இட்லியை விழுங்கப் பழகியதும் அப்படித்தான். கணவர் தேறி வருகிறார் என்று பிரிஸ்கில்லா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஆட்டோவைத் துடைக்கப் போனவள், பின்சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றிய இரும்புக் கம்பி ஒன்றைப் பார்த்தாள்.

"யாருக்கு இது?"

அவர் சொன்னார். ஆஸ்பத்திரி வார்டு வாசலில் இனிகோ பேசியதையும் சொன்னார். பாதி நாக்கில் வார்த்தைகள் குழைந்து வந்தன. அவளுக்கு முதல் தடவை புரியவில்லை. இரண்டாவது தடவை புரிந்தது. தம்பி அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று சொல்ல வாயெடுத்து, அவருடைய கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கம்பியை மறுபடி சாக்கில் சுற்றினாள்.

"இதால அடிச்சா நீங்க ஜெயிலுக்குப் போவீங்க" என்றாள் கடைசியில். "அவன் மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டு வந்து மறுபடி அதே யாவாரத்தைப் பார்ப்பான். அவனுக்கு எது வலிக்குமோ அதைப் பண்ணுங்க."

முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். இனிகோ அபராதத்தைக் கட்டிவிட்டு, பெயர்ப் பலகையை மாற்றி மறுபடி திறந்தான். டப்பா இப்போது சோடாப் பெட்டிக்குப் பின்னால் போயிருந்தது.

சனிக்கிழமை காலை, சந்தில் கூட்டம் நெரிகிற நேரம், ஸ்டீபன்ராஜின் ஆட்டோ கடைக்கு நேர் எதிரே வந்து நின்றது. அறுவைக்குப் பிறகு அவர் ஒலிபெருக்கியை முடுக்குவது அதுவே முதல் தடவை. முதலில் பென்டிரைவில் இருந்த பழைய பதிவைப் போட்டார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் அபிமான இனிகோ ஸ்டோர், இன்று காலை இனிதே திறக்கப்படுகிறது..."

கணீரென்ற அந்தக் குரலைக் கேட்டு ஆட்கள் திரும்பினார்கள். "நம்ம ஸ்டீபனுல்ல" என்று பழக்கடைக்காரர் ஒருவர் முகம் மலர்ந்தார். இனிகோகூட ஒன்றும் புரியாமல் சிரித்தபடி வெளியே வந்தான். பதிவு முடிந்தது. ஸ்டீபன்ராஜ் ஆட்டோவை விட்டு இறங்கி, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தார். காதிலிருந்து தொண்டை வரை ஓடிய வடு வெயிலில் பளபளத்தது. மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அம்பாங்க பொகுமக்கயே..."

ஒலிபெருக்கியில் அந்தச் சத்தம் சந்து முழுக்கப் பரவியதும் சிரிப்புகள் அறுந்தன. ஒரு பெண் பிள்ளையின் காதைப் பொத்தினாள். ஸ்டீபன்ராஜ் நிறுத்தவில்லை. பாட்டிலில் இருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, ஒவ்வொரு சொல்லையும் பிசைந்து, தேய்த்து, திரும்பத் திரும்பச் சொன்னார். மெல்ல மெல்ல ஆட்களுக்கு அந்தப் பேச்சு பிடிபட்டது. இந்தக் குரலும் நான்தான். முன்னால் கேட்ட அந்தக் குரலும் நான்தான். இந்தக் கடைப் பாக்கெட்டைத் தின்றவன் நான். நாக்கில் வெள்ளை வந்தபோது, அது என்னவென்று தெரிந்துகொண்டே, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று சொன்னவன் அதோ நிற்கிறான். வெள்ளைத் தழும்போ சிவப்புத் தழும்போ இருந்தால், புண் ஆறாமல் இருந்தால், வாய் முன்போலத் திறக்காமல் போனால், இவனிடம் கேட்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

இனிகோ பாய்ந்து வந்து மைக் ஒயரைப் பிடித்தான்.

"மச்சான், என்ன இது? வீட்டு விசயத்தை ரோட்டுல வச்சு... நான் என்ன உங்க வாயைப் பொளந்து திணிச்சனா? நீங்களாத்தான வந்து வாங்குனீங்க!"

ஸ்டீபன்ராஜ் ஒயரை விடுவித்துக்கொண்டார். அந்தப் பதிலை அவர் வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். அதனால் அது மட்டும் ஓரளவு தெளிவாகவே வந்தது.

"போட்டது நான். அந்தப் பாவம் என்னோடது, நான் அனுபவிக்கிறேன். தெரிஞ்சும் என்னைத் தடுத்தது நீ. உன் பாவத்தை நீ அனுபவி."

மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். இனிகோ போலீசில் சொன்னான். அனுமதி இல்லாமல் மைக் போடக்கூடாது என்று காவலர் ஒருவர் வந்து நல்ல விதமாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டீபன்ராஜ் மைக்கை அணைத்தார். வெறும் வாயோடு கடை வாசலுக்கு எதிரே நின்றார். யாராவது கடைப்பக்கம் போய்க் கட்டைவிரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோனால், அவர் அவனை நேராகப் பார்த்து வாயை அகலத் திறந்து காட்டுவார். கன்னத்துச் சதையோடு ஒட்டிக் கிடந்த அந்தத் துண்டு நாக்கைப் பார்த்தவன், தூக்கிய கையால் தலையைச் சொறிந்தபடி நகர்ந்துவிடுவான். அப்படி ஒவ்வொருவன் நகரும்போதும் ஸ்டீபன்ராஜுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை.

சொந்தக்காரர்கள் வந்து பேசினார்கள். "விட்டுருங்கப்பா, அவனும் பிள்ளகுட்டிக்காரன்" என்றார்கள். பங்குப் பேரவையில் ஒருவர் மன்னிப்பைப் பற்றிச் சொன்னார். இனிகோவே ஒரு தட்டில் பழமும் புது வேட்டியும் வைத்து வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்ற பிரிஸ்கில்லா தட்டை வாங்கவில்லை.

"அக்கா, நான் உன் தம்பிக்கா."

"அவர் வாய்ல வெள்ளையப் பார்த்தப்ப உனக்கு அது ஞாபகம் இல்லையாடா?"

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து, கணவருக்காகக் கேழ்வரகுக் கூழைத் துழாவினாள்.  ஸ்டீபன்ராஜ் எழுந்து வந்து அடுப்பைத் தணித்தார்.

பேருந்து நிலைய வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் ஜீனத். வெற்றிலையோடு புகையிலை போடாமல் அவளுக்குப் பொழுது போகாது. அவளும் இனிகோவின் வாடிக்கைதான். பல நாள் தள்ளி நின்று பார்த்தவள், ஒரு நாள் கூடையோடு நேராக ஸ்டீபன்ராஜிடம் வந்தாள்.

"அண்ணே, செத்த இதைப் பாருங்களேன்" என்று கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள்.

உள்கன்னத்தில் வெள்ளை படர்ந்திருந்தது. ஸ்டீபன்ராஜ் வேறெதுவும் சொல்லாமல் கூடையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்ததில், இன்னும் புற்றாக மாறவில்லை என்று தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் மாறியிருக்கலாம், புகையிலையை இன்றே நிறுத்து, விடாமல் வந்து காட்டு என்றார்கள். சோதனை முடிவைக் கேட்டு வெளியே வந்த ஜீனத், மரத்தடியில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"எங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் தெனம் இந்த வெயில்ல நிக்கிறீங்களாண்ணே?"

 அவளிடம் பொய் சொல்ல ஸ்டீபன்ராஜுக்கு மனம் வரவில்லை.

"இல்ல தாயி. அவனை அழிக்கத்தான் நிக்கிறேன்."

ஜீனத் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அப்ப நானும் வாரேன்" என்றாள்.

அதன்பிறகு அவளுடைய கூடை இனிகோ கடைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. அவருடைய பேச்சு புரியாதவர்களுக்கு அவள் எடுத்துச் சொன்னாள். அவர் ஒரு சொல் சொன்னால் இவள் பத்துச் சொல் சொன்னாள். இனிகோவின் கடையில் முதலில் பாக்கெட் வியாபாரம் படுத்தது. அப்புறம் முறுக்கும் சோடாவும்கூடப் போகவில்லை. கடைப் பெயரையே யாரும் சொல்வதில்லை, "வாய் போன கடை" என்றார்கள். அடுத்த ஐப்பசி போய், தை பிறக்கும் முன்பே ஷட்டர் இறங்கியது. அன்று ஸ்டீபன்ராஜ் வீட்டுக்குப் போய், அறுவைக்குப் பிறகு முதல் தடவையாக, குழைத்த சோற்றோடு கொஞ்சம் மீன் குழம்பும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் இனிகோ ஓயவில்லை. தன்னைத் தெரியாத ஊராகப் பார்த்து, பழனிக்கு அந்தப் பக்கம் தொப்பம்பட்டியில் கடை பிடித்தான். முகப்பில் மளிகை, உள்ளே அதே டப்பா. தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் காலையில் வாங்கிப் போனார்கள். தகவல் தெரிந்த வாரமே ஸ்டீபன்ராஜ் ஆட்டோவில் டீசல் நிரப்பினார். பிரிஸ்கில்லா கூழைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். இந்த முறை மைக் போட எழுத்து மூலம் அனுமதியும் வாங்கியிருந்தார்கள்.

ஷட்டரைத் தூக்கிய இனிகோ, தெருமுனையில் அந்தக் குரலைக் கேட்டான். கையில் பிடித்த கொக்கியோடு அப்படியே நின்றுவிட்டான். அவன் முகம் வெளிறிப்போனதை ஸ்டீபன்ராஜ் ஆட்டோவுக்குள் இருந்தே பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு சீறக் கிடந்தபோது அவர் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது.

"இன்னும் எத்தனை காலத்துக்கு மச்சான் இப்படித் தொரத்துவீங்க?" என்று உடைந்த குரலில் கேட்டான்.

"நீ விக்கிற வரைக்கும்."

கட்டடத்துக்குச் சொந்தக்காரியான கருப்பம்மாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள், வாளியை வைத்துவிட்டு வந்தாள். "ஏனுங்க, இவரு என்னங்க சொல்றாரு?" என்று இனிகோவைக் கேட்டாள்.  ஸ்டீபன்ராஜ் துண்டை அவிழ்த்து, வாயைத் திறந்து காட்டி, கடையின் உள்பக்கம் கையை நீட்டினார். அவள் விறுவிறுவென்று உள்ளே போய், டப்பாவைத் தூக்கி வந்து தெருவில் கவிழ்த்தாள். பாக்கெட்டுகள் மண்ணில் சிதறின.

"மளிகைக் கடைனு சொல்லித்தானுங்களே கேட்டீங்க? எங்கூட்டுப் பசங்க தெனமும் இந்தக் கடைக்குத்தானுங்க வர்றாங்க. இன்னைக்கே காலி பண்ணிப் போடுங்க."

இனிகோ மண்ணில் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினான். ஸ்டீபன்ராஜ் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கடைசிப் பாக்கெட் வரைக்கும் நின்று பார்த்தார்.

அதற்குப் பிறகு இனிகோ கடை வைக்கவில்லை. இப்போது ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். ஸ்டீபன்ராஜ் மதுரைக்குத் தவறாமல் சோதனைக்குப் போய்வருகிறார், நோய் திரும்பவில்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். ஜவுளிக்கடைக்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். அவரைப் பள்ளிக்கூடங்களும் மில்களும் கூப்பிடுகின்றன. அவர் பழைய பதிவைப் போட்டு, பிறகு வாயைத் திறந்து காட்டுகிறார். கடைசியாக, இதை விற்கிற கடை உங்கள் தெருவில் எது என்று கேட்கிறார். சொன்னால், திரும்பும் வழியில் அங்கேயும் கொஞ்ச நேரம் ஆட்டோவை நிறுத்துகிறார்.

கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு இனிகோ வந்திருந்தான். இரண்டு வரிசை முன்னால் நின்றான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும், கோயில் முழுக்கத் தலைகள் திரும்பிக் கைகள் குவிந்தன. இனிகோவும் திரும்பி, அக்காவைப் பார்த்து, பிறகு மச்சானைப் பார்த்துக் கைகுவித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. பிரிஸ்கில்லா ஒரு கணம் தயங்கிவிட்டுக் கைகுவித்தாள்.

ஸ்டீபன்ராஜ் தன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். மூடியைத் திருகி இறுக்கினார். வடு இழுக்கிற கழுத்தைப் பீடத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, பாட்டு தொடங்குவதற்காகக் காத்து நின்றார்.